வேலைக்காரி எழுப்பினாள்

கல்யாணம் என்றால் ஆறு மாதத்துக்கு முன்பே ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். தீபாவளிக்கு ஆயத்தம் உண்டு. பிள்ளைப் பேற்றுக்கு ஆயத்தம் உண்டு. மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவதும் ஒழுகலை அடைப்பதும் உண்டு. சாவுக்குக்கூட ஆயத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு உயில் என்று பெயர். ஆனால், "உங்கள் வீட்டில் நடு இரவில் தீப்பிடித்தால் யார் யாரை எழுப்புவது? எந்த வழியாக வெளியே போவது?" என்று ஒரு நண்பரைக் கேட்டுப் பாருங்கள். "வேறு பேச்சே கிடைக்கவில்லையா உமக்கு?" என்பார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "நல்ல நாளும் அதுவுமாய் என்ன அபசகுனப் பேச்சு!" என்பாள். தீயைப் பற்றிப் பேசினாலே தீ காதில் போட்டுக் கொண்டு வந்துவிடும் என்று நமக்கு ஒரு பயம்.

பேச மறுத்தவர்கள் வீட்டுக்கும் தீ வந்திருக்கிறது என்பதுதான் சரித்திரம்.

நகரங்கள் எரிந்த கதைகளைச் சரித்திர ஆசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்த ராஜா காலத்தில் எரிந்தது, எத்தனை கோயில் போயிற்று, எத்தனை தெரு சாம்பலாயிற்று என்று கணக்கெல்லாம் இருக்கும். கதை எழுதுகிறவனுக்கு அந்தக் கணக்கு போதாது. அன்று இரவு அந்த வீட்டு எஜமானி எதைக் கையில் எடுத்தாள்? எதை வைத்துவிட்டுப் போனாள்? யார் முதலில் விழித்தார்கள்? யாரை எழுப்ப மறந்தார்கள்? எனக்கு வேண்டியவை இந்த விவரங்கள்தாம். பெரும்பாலும் இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. என் அதிர்ஷ்டம், ஒரே ஒரு பெருந்தீயைப் பற்றி மட்டும் ஒரு கனவான் நாள் தவறாமல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கனவானின் பெயர் சாமுவேல் பீப்ஸ். ஊர் லண்டன். ஆண்டு 1666. நம் சென்னைப்பட்டணத்தில் கும்பெனியார் கோட்டை கட்ட ஆரம்பித்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். பீப்ஸ் கடற்படை இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். வயது 33. சம்பாதிக்கவும் தெரியும், சாப்பிடவும் தெரியும், சங்கீதமும் தெரியும். கொஞ்சம் பயங்கொள்ளி, கொஞ்சம் சபலக்காரர். இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதி வைத்திருக்கிறார். 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் ஒரு டைரி எழுதினார். வீட்டில் இருப்பவர்கள் படித்துவிடக் கூடாதே! அந்தச் சுருக்கெழுத்தைப் பிரித்து முதல் முதலாக அச்சில் கொண்டுவந்தது 1825-ஆம் ஆண்டில்தான்.

தீ வருவதற்கு முன்னால் லண்டன் எப்படி ஆயத்தமாக இருந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒன்றுமே செய்யாமல் இருந்தார்கள் என்று சொன்னால் அது பெரும் பழியாகும். மரவீடும் நெருக்கமான சந்தும் கொண்ட அந்த ஊர் தீயை நன்றாக அறிந்த ஊர். 1212-இல் ஒரு பெரிய தீ வந்தபிறகு கூரைக்கு வைக்கோலும் நாணலும் வேயக்கூடாது என்று விதி செய்தார்கள். அந்த ஊரின் பழைய சட்டதிட்டங்களையெல்லாம் திரட்டி 1419-இல் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. வெள்ளைப் புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில் ஓர் ஏற்பாடு என் மனத்தை மிகவும் கவர்ந்தது. பெரிய வீட்டில் குடியிருக்கிறவர்கள் ஒன்றிரண்டு ஏணிகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும்; தங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தாருக்கும் உதவுவதற்காக. கோடைக் காலத்தில் வாசலில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரமும் மரப்பிடி போட்ட ஒரு பெரிய இரும்புக் கொக்கியைச் சங்கிலியும் கயிறுமாக வைத்திருக்க வேண்டும். எரிகிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டை இழுத்துத் தள்ளுவதற்கு!

இரவிலே அடுப்பை மூடுவதற்கும் ஒரு நேரம் இருந்தது. மணி அடித்ததும் கணப்பைச் சாம்பலால் மூடி, அதன்மேல் உலோக மூடியைக் கவிழ்க்க வேண்டும். 'தீயை மூடு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் நாம் இன்று கலகக் காலத்தில் பத்திரிகையில் படிக்கிற 'கர்ஃப்யூ' வந்தது. அடுப்புக்குப் போட்ட உத்தரவு எப்படியோ ஆட்களுக்குப் போடும் உத்தரவாக மாறிவிட்டது.

லண்டன்காரர்களுக்கு முன்னால் ரோமாபுரியாரும் இந்த வித்தையைக் கற்றிருந்தார்கள். கி.பி. 6-இல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி இரவுக் காவல் படை ஒன்றை அமைத்தார். அந்தப் படைத் தலைவன் வீடு வீடாகப் போய், மாடியில் குடியிருக்கிறவர்கள் தண்ணீர் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். நெருப்பை அஜாக்கிரதையாக விட்டவனுக்குப் பிரம்படியும் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இத்தகைய விதிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. பெரிய தீ வந்த அடுத்த வருஷம் எல்லாரும் பீப்பாயை நிரப்புவார்கள். பத்து வருஷம் தீ வராவிட்டால் பீப்பாயில் அரிசி போட்டு வைப்பார்கள். இன்னொன்று: வெள்ளைப் புத்தகத்தின் விதி, முக்கியமாகப் பீப்பாயை நிரப்பி வைக்கச் சொன்ன காலம் ஆகஸ்டு மாதம் 24-ஆம் தேதி வரும் பர்த்தலோமியோ திருநாளோடு முடிகிறது. லண்டனில் பெருந்தீ வந்த நாள் செப்டம்பர் 2. சரியாக ஒன்பது நாள் கழித்து. விதி எழுதியவர்கள் தீயோடு ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை, பாவம்!

செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு நெடுநேரம் முன்பு, புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்ற ரொட்டிக்காரர் வீட்டில் புகை எழுந்தது. அவர் அரசாங்கக் கப்பல்களுக்குப் பிஸ்கோத்து சுட்டுக் கொடுப்பவர். நள்ளிரவில் அறை அறையாகப் போய்ப் பார்த்ததாகவும், ஒரே ஒரு கணப்பில் மட்டும் சிறிது கங்கு இருந்ததாகவும், அதையும் கிளறி ஒதுக்கிவிட்டே படுத்ததாகவும் பின்னால் சாட்சி சொன்னார். எத்தனை வீடுகளில், எத்தனை இரவுகளில் இதேபோல் ஒதுக்கிவிட்டுப் படுத்திருப்பார்கள்! அன்று மட்டும் அது போதவில்லை. நெடுங்கோடையில் காய்ந்த மரவீடுகள். மேலே பலமான கிழக்குக் காற்று. குடும்பத்தார் விழித்தபோது மாடிப்படி எரிந்துகொண்டிருந்தது. மேல் ஜன்னல் வழியாக ஏறி, தாழ்வாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தாவிவிட்டார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் தாவவில்லை. அந்த வீட்டு வேலைக்காரி. உயரத்தைப் பார்த்து அவளுக்குப் பயம். ஜன்னலில் கால் வைக்க முடியவில்லை. உள்ளேயே நின்றுவிட்டாள். லண்டன் பெருந்தீயின் முதல் பலி அவள்தான். பெரும்பாலான நூல்களில் அவள் வெறும் வேலைக்காரி, அவ்வளவுதான்.

இப்போது அங்கிருந்து சற்றுத் தூரத்தில், சீதிங் லேனில் உள்ள நம் பீப்ஸ் வீட்டுக்கு வருவோம். மறுநாள் பகல் அவர் வீட்டில் விருந்து. அதற்காக வேலைக்காரிகள் இரவெல்லாம் கண் விழித்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காலை மூன்று மணி சுமாருக்கு ஜேன் என்ற வேலைக்காரி ஓடிவந்து எஜமானையும் எஜமானியையும் எழுப்பினாள். "ஊருக்குள் பெரிய தீ தெரிகிறது!" என்றாள். பீப்ஸ் அங்கியை மாட்டிக்கொண்டு அவளுடைய ஜன்னலண்டை போய்ப் பார்த்தார். தூரத்தில்தானே எரிகிறது என்று தோன்றிற்று. திரும்பிப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். ஏழு மணிக்கு எழுந்து மறுபடி பார்த்தபோது தீ இன்னும் சிறியதாகவே தெரிந்தது. பிறகு ஜேன்தான் வந்து, இரவில் முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்துவிட்டனவாம் என்று செய்தி சொன்னாள்.

அந்தப் பட்டணத்தின் மேயர் ஸர் தாமஸ் பிளட்வொர்த் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். அவரை இரவே எழுப்பிக் கூட்டிவந்து தீயைக் காட்டினார்கள். பக்கத்து வீடுகளை இடித்துவிடலாமா என்று கேட்டார்கள். இடித்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது என்று அவருக்குக் கவலை. இந்தத் தீயை ஒரு பெண்பிள்ளையே அணைத்துவிடுவாள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். எப்படி அணைப்பாள் என்று அவர் சொன்ன விதத்தை அச்சில் போடுவது நாகரிகமாகாது. மறுநாள் நண்பகலில் அதே மேயர் கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, "நான் என்ன செய்வேன்? யாரும் என் பேச்சைக் கேட்கவில்லையே!" என்கிற தோரணையில் தெருவில் புலம்பிக்கொண்டு நின்றதைப் பீப்ஸ் நேரிலேயே கண்டார். அரசர் இரண்டாம் சார்லஸிடமிருந்து வீடுகளை இடிக்கும்படி உத்தரவு வாங்கி வந்தவர் பீப்ஸ்தான்.

ஒரு பெண்பிள்ளை அணைத்துவிடுவாள் என்றார் மேயர். ஒரு பெண்பிள்ளை எரிந்துபோயிருந்தாள். இன்னொரு பெண்பிள்ளை எழுப்பியும் எஜமான் திரும்பப் படுத்துக்கொண்டார். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஏற்படுகிற உணர்ச்சியை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் பீப்ஸ் எழுதியிருப்பதெல்லாம் ஒரு குடும்பம் தீக்கு எப்படி ஆயத்தமாகிறது என்பதற்கு அருமையான சித்திரம்.

முதல் நாள் அவர் ஆற்றிலே படகில் போகும்போது பார்க்கிறார். ஜனங்கள் கடைசி நிமிஷம் வரை வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள். தீ சட்டையைத் தொடும்போதுதான் ஓடிப் படகில் விழுகிறார்கள். புறாக்களும் அப்படியே. வளர்ந்த வீட்டின் ஜன்னலையும் மாடத்தையும் விட மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, சிறகு கருகிக் கீழே விழுகின்றன. ஆறு முழுவதும் சாமான் படகுகள். மூன்று படகுக்கு ஒன்றில் கட்டாயம் ஒரு 'வர்ஜினல்' இருந்ததாம். நம் ஊர் ஹார்மோனியத்தைப் போலக் கட்டை வைத்து வாசிக்கிற தந்தி வாத்தியம். பீப்ஸுக்குச் சங்கீதப் பைத்தியம் என்பதால் அது கண்ணில் பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை காலை நாலு மணிக்கு, பக்கத்து வீட்டு ஸர் வில்லியம் பாட்டனின் மனைவி ஒரு வண்டி அனுப்பினாள். பணம், வெள்ளிப் பாத்திரம், உயர்ந்த சாமான்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு, இரவு அங்கியோடேயே வண்டியில் உட்கார்ந்து, பெத்னல் கிரீன் என்ற கிராமத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வண்டி கிடைத்ததே பெரிய பாக்கியம். சாதாரண நாளில் சில ஷில்லிங் வாடகை வாங்கிய வண்டிக்காரர்கள் அன்று நாற்பது பவுன் வரை வாங்கினார்கள் என்று சொல்வார்கள். வண்டி அமர்த்த முடியாத ஏழை ஜனங்கள் முதுகில் சுமந்ததுதான் அவர்களுக்கு மிஞ்சிய சொத்து.

செவ்வாய்க்கிழமை ஸர் வில்லியம் பாட்டன் தோட்டத்தில் குழி தோண்டித் தம்முடைய திராட்சை மதுவைப் புதைத்தார். அந்தக் குழியில் பீப்ஸ் தம் ஆபீஸ் காகிதங்களைப் போட்டார். சாயங்காலம் இன்னொரு பக்கத்து வீட்டுக்காரரான ஸர் வில்லியம் பென்னும் இவருமாக மற்றொரு குழி தோண்டினார்கள். இந்தப் பென்னுடைய மகன்தான் பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர். அந்தக் குழியில் போட்டவை என்ன தெரியுமா? மதுவும், பீப்ஸின் பார்மசான் பாலாடைக் கட்டியும்! இத்தாலியிலிருந்து வரும் விலை உயர்ந்த சரக்கு. ஊர் எரியும்போது ஒரு பெரிய மனிதர் மண்வெட்டி பிடித்துப் பாலாடைக் கட்டியைப் புதைக்கிறாரே என்று இந்த இடத்தைப் படிக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு முழுவதும் சிரிக்கத் தோன்றவில்லை. பிரமை பிடித்த நேரத்தில் மனிதன் எதைப் பிரிய மாட்டாமல் கையில் எடுக்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. நம்மில் எத்தனை பேர் ஆபத்துக் காலத்தில் பத்திரத்தை விட்டுவிட்டு ஊறுகாய் ஜாடியைத் தூக்குவோமோ!

அன்று இரவு ஊரிலிருக்கும் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். தபால் ஆபீஸ் எரிந்துபோனபடியால் கடிதம் போகவில்லை.

புதன்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு மனைவி எழுப்பினாள். தெருக்கோடி மாதாகோயில் வரை தீ வந்துவிட்டது. உடனே சுமார் 2350 பவுன் பெறுமானமுள்ள தங்கத்தையும், மனைவியையும், குமாஸ்தா ஹியூவரையும், ஜேனையும் படகில் ஏற்றி ஊல்விச்சுக்குக் கொண்டுபோய் விட்டார். ஜேனும் படகில் இருந்தாள் என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பீப்ஸின் மற்ற அற்பத்தனங்களை நான் மன்னித்துவிடத் தயார். திரும்பி வரும்போது தம் வீடு எரிந்துவிட்டதா என்று வழியில் யாரையும் கேட்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் வீடு நின்றது. கப்பல் துறையிலிருந்து வரவழைத்த ஆட்கள் நடுவிலிருந்த வீடுகளை வெடிமருந்து வைத்துத் தகர்த்து வழியை அடைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை பெத்னல் கிரீனுக்குப் போய் ஒரு பொருளை மட்டும் முதலில் எடுத்துவந்தார். அது அவருடைய டைரி. வெள்ளிப் பாத்திரத்தோடு அதையும் வண்டியில் ஏற்றியிருந்தார்! ஐந்து நாள் விஷயத்தையும் அதில் எழுதிச் சேர்த்தார். அந்த வண்டி மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் நாம் இன்று பேசுவதற்கு ஜேனும் இல்லை, புறாவும் இல்லை, பாலாடைக் கட்டியும் இல்லை.

தீ அடங்கியபோது சுமார் 13,200 வீடுகளும் 87 மாதாகோயில்களும் போய்விட்டிருந்தன. பெரிய ஸெயிண்ட் பால் கோயிலின் ஈயக் கூரை உருகித் தெருவில் ஓடிற்று. புத்தக வியாபாரிகள் கல் கட்டடம் எரியாது என்று நம்பித் தங்கள் சரக்கையெல்லாம் அந்தக் கோயிலின் நிலவறையில் கொண்டுபோய் அடைத்திருந்தார்கள். அவ்வளவும் சாம்பல். எழுதிப் பிழைக்கிறவன் இந்தச் செய்தியைக் கடந்து போவது கொஞ்சம் கஷ்டம். பத்திரமான இடம் என்று எல்லாரும் ஒரே இடத்தை நம்பியதே அங்கே வந்த வினை.

ஆயத்தமே ஆபத்தாகிவிடுவதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. லண்டன் எரிவதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1657-இல், இன்று டோக்கியோ என்று வழங்கும் எடோ நகரம் எரிந்தது. அங்கே தீ அடிக்கடி வரும். ஆகையால் ஜனங்கள் முன்யோசனையாகத் துணிமணிப் பெட்டிகளுக்கு அடியில் சக்கரம் பொருத்தி வைத்திருந்தார்கள். தீ என்றதும் தள்ளிக்கொண்டு ஓடலாம் அல்லவா? எல்லாரும் ஒரே சமயத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குறுகிய தெருக்களில் பெட்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பின்னால் வந்தவர்களுக்கு வழியில்லை. ஒரு லட்சம் பேர் மாண்டதாக ஜப்பானியர் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். பிறகு 1683-இல் சக்கரப் பெட்டியே கூடாது என்று சர்க்கார் தடை விதித்தார்கள். வசதி படைத்த வியாபாரிகள் கனமான மண்சுவர்க் களஞ்சியங்களைக் கட்டிக்கொண்டார்கள். தீ வரும்போது கதவிடுக்கைப் பூசுவதற்குக் குழைத்த மண்ணைத் தயாராக வைத்திருப்பார்கள். சாமானை உள்ளே போட்டுக் கதவைப் பூசிவிட்டு, வெறுங்கையோடு ஓட வேண்டியது. அந்தப் புத்தி வருவதற்கு எத்தனை உயிர் விலை!

மறுபடி லண்டனுக்கு வருவோம். தீ அணைந்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுந்தது: யார் பொறுப்பு?

முதலில் ஓர் அந்நியன் அகப்பட்டான். ராபர்ட் ஹியூபர்ட் என்ற பிரெஞ்சுக்காரன். சித்தம் சரியில்லாதவன். நான்தான் தீ வைத்தேன் என்று அவனே சொன்னான். நீதிபதிகளுக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் 1666 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். குற்றப் பத்திரிகையில் கையெழுத்திட்டவர்களில் ரொட்டிக்காரர் ஃபாரினர் குடும்பத்தாரும் உண்டு. தீ ஆரம்பித்த அன்று அவன் லண்டனிலேயே இல்லை, இரண்டு நாள் கழித்தே கப்பலிலிருந்து இறங்கினான் என்று பிற்பாடு தெரியவந்தது. ரொட்டிக்காரர் சங்கத்தார் தீ தங்கள் ஆள் வீட்டிலிருந்து கிளம்பியதை ஒப்புக்கொண்டு அந்தச் சந்தில் ஒரு கல்வெட்டுப் பதித்தது 1986-இல். 320 வருஷம்!

அடுத்து நல்ல காரியங்களும் நடந்தன. 1667-இல் வந்த சட்டம், இனி வெளிச்சுவர்கள் செங்கல்லிலோ கருங்கல்லிலோதான் இருக்க வேண்டும் என்றது. சுவர் கனம் எவ்வளவு என்று அளவும் வகுத்தது. தீ வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் ஒன்று ஏற்பட்டது. ஏனென்றால் அந்நாள் குத்தகைப் பத்திரங்களின்படி, வீடு எரிந்து போனாலும் குடியிருந்தவன் வாடகை கொடுத்தாக வேண்டும். வீட்டையும் தன் செலவில் கட்டியாக வேண்டும்! நீதிபதிகள் சம்பளமே வாங்காமல் உட்கார்ந்து, யார் திருப்பிக் கட்டுகிறார்களோ அவர்களுக்கு வாடகையைக் குறைத்தும் குத்தகைக் காலத்தைக் கூட்டியும் தீர்ப்புச் சொன்னார்கள். பட்டணத்தார் நன்றியோடு அந்த நீதிபதிகளின் உருவப் படங்களை எழுதுவித்து நகர மண்டபத்தில் மாட்டினார்கள். சரித்திரத்தில் இப்படி நன்றி பெற்ற நீதிபதிகள் அதிகம் இல்லை.

1680-ஐ ஒட்டி நிக்கலஸ் பார்பன் என்ற கெட்டிக்காரர் தீ இன்ஷூரன்ஸ் வியாபாரத்தை ஆரம்பித்தார். செங்கல் வீட்டுக்கு வாடகை மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை; மர வீட்டுக்கு ஐந்து. பணம் கட்டிய வீட்டின் சுவரில் கம்பெனியின் அடையாளத் தகடு ஒன்றைப் பதிப்பார்கள். கம்பெனிகள் தங்கள் சொந்தச் செலவில் தீயணைக்கும் ஆட்களையும் வைத்துக்கொண்டன. அன்பு செய்யத் தவறியதைச் சில சமயம் லாபம் செய்துவிடுகிறது.

ஆனால், எனக்கு உறுத்துவது இதற்கடுத்து வந்த ஒரு சட்டம். ஆன் ராணியார் காலத்தில், 1707-இல், தீத் தடுப்புக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். ஒவ்வொரு வட்டாரமும் தண்ணீர் இறைக்கும் யந்திரம் வைத்திருக்க வேண்டும் என்பது போன்ற நல்ல அம்சங்கள் அதில் உண்டு. அதே சட்டத்தில் இரண்டு விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்று: ஒருவர் வீட்டில் தற்செயலாகத் தீ கிளம்பி அக்கம்பக்கத்துக்குப் பரவினால், அந்த வீட்டுக்காரர் மேல் யாரும் வழக்குத் தொடர முடியாது. இரண்டு: வேலைக்காரனோ வேலைக்காரியோ அஜாக்கிரதையால் வீட்டில் தீ ஏற்படுத்தினால் நூறு பவுன் அபராதம், கட்டத் தவறினால் பதினெட்டு மாதம் கடின வேலை.

நூறு பவுன்! வீட்டு வேலைக்காரிக்குச் சாப்பாடு போக ஆண்டுக்கு மூன்று பவுன் நான்கு பவுன் சம்பளம் இருந்த நாட்கள் அவை. இருபத்தைந்து முப்பது வருஷம் ஒரு பென்னியும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும். ஆகவே அது அபராதம் அல்ல. சிறைக்கு இன்னொரு பெயர். எஜமானனுடைய தீ தற்செயல். வேலைக்காரியுடைய தீ குற்றம். 1774-இல் புதிய சட்டம் வந்தபோதும் இந்த இரண்டு விதிகளும் அப்படியே தொடர்ந்தன.

நியாயத்துக்காக எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இரவில் கடைசியாக அடுப்பை மூடுகிறவள் வேலைக்காரி. மெழுகுவர்த்தியோடு மாடிப்படி ஏறுகிறவளும் அவள். பயமுறுத்தினால் ஜாக்கிரதையாக இருப்பாள் என்று சட்டம் செய்தவர்கள் எண்ணியிருக்கலாம். இதில் ஒரு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். நெருப்போடு பழகுகிறவள் அவள் என்றால், நெருப்பை முதலில் பார்க்கிறவளும் அவள்தான். முதலில் பார்க்கிறவள் உடனே கூவ வேண்டும். கூவினால் நூறு பவுன் கேட்பார்கள் என்று தெரிந்தவள் கூவுவாளா? தானே அணைத்து மறைத்துவிடலாம் என்று இரண்டு நிமிஷம் போராடிப் பார்ப்பாள். அந்த இரண்டு நிமிஷந்தான் வீடு முழுவதற்கும் கிடைத்திருக்கக்கூடிய அவகாசம். பயமுறுத்தி வைத்திருக்கும் வீட்டில் தீ வந்தால் அது மௌனமாக வரும்.

ஜேன் பயப்படவில்லை. நடு இரவில் எஜமானை எழுப்பினால் கோபிப்பாரே என்று யோசிக்கவில்லை. பீப்ஸ் கோபக்காரர்தான், வேலைக்காரிகளை அடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். இருந்தும் அவள் எழுப்பினாள். அவர் மறுபடி தூங்கப் போனதும், காலையில் திரும்ப வந்து சொன்னாள்.

இக்காலத்தில் ஜேனுடைய வேலையைச் செய்வதற்கு ஒரு சிறு யந்திரம் வந்துவிட்டது. மேல்தளத்தில் ஒட்டிவிட்டால் புகையை மோப்பம் பிடித்து அலறும். வாங்க வசதியுள்ளவர்கள் அவசியம் வாங்கி மாட்டலாம். பாட்டரி தீர்ந்துவிட்டதா என்று மாதம் ஒரு தரம் பார்க்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அது ஆகஸ்டு 24-ஆம் தேதியோடு காலியான பீப்பாய்தான். நம் பட்டணத்து வீடுகளில் திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டிருக்கிறோம், கதவுக்கு வெளியே இன்னொரு கம்பிக் கதவு, அதற்குப் பூட்டு, பூட்டின் சாவி வீட்டுக்காரரின் தலையணைக்கடியில். திருடன் உள்ளே வர முடியாது, வாஸ்தவம். நாம் வெளியே போக முடியுமா? சமையலறை ஓரத்தில் படுத்திருக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கு அந்தச் சாவி எங்கே என்று தெரியுமா? மாடியறைப் பாட்டியை யார் கைபிடித்து இறக்குவது? எரிவாயு நாற்றம் அடித்தால் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து குழாயை மூட வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? 101 என்ற எண்ணாவது அவர்களுக்குத் தெரியுமா?

இதற்கெல்லாம் செலவு ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து பேசினால் போதும். வெளியே ஓடினால் எந்த மரத்தடியில் கூடுவது, கூடியதும் யார் தலையை எண்ணுவது என்று முடிவு செய்துகொள்ளலாம். எதற்காகவும் திரும்ப உள்ளே போவதில்லை என்றும் ஒரு சத்தியம் செய்துகொள்ளலாம், பார்மசான் பாலாடைக் கட்டிக்காகக்கூட. "அபசகுனப் பேச்சு" என்று யாராவது ஆட்சேபித்தால், மேயர் பிளட்வொர்த்தும் அப்படித்தான் அலட்சியம் செய்தார் என்று சொல்லுங்கள்.

தலையை எண்ணும்போது மட்டும் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். புட்டிங் லேன் ரொட்டிக்காரர் குடும்பம் பக்கத்து வீட்டுக் கூரையில் நின்று தலையை எண்ணிப் பார்த்திருந்தால் ஒன்று குறைந்திருக்கும். உங்கள் வீட்டுக் கணக்கு அந்தத் தலையிலிருந்து ஆரம்பமாகட்டும்.